தெய்வத்துக்கு விற்கப்பட்டவள்

லியாதாஸ் தாம் சாக முடிவு செய்துவிட்டதைச் சொன்னபோது ஸோபிரா அவரை இடப்பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை அவர் தோளுக்கடியில், ஒரு முழங்கால் கட்டில் சட்டத்தில். அந்த நிலையில் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. முதுகுப் புண்ணில் ஒட்டியிருந்த துணியை ஒலிவ எண்ணெய் விட்டு நனைத்து, மெல்ல உரித்தெடுத்து, புதுத் துணி வைத்து, அவரை மறுபடி மல்லாத்திவிட்டு நிமிர்ந்த பிறகுதான் கேட்டாள்.

"இப்ப என்னமோ சொன்னீங்களே ஐயா, என்ன?"

"நாளையிலேர்ந்து எனக்குச் சாப்பாடு வேண்டாம்னு சொன்னேன். தண்ணியும் வேண்டாம். ஓட்டைப் படகுல கொஞ்ச தூரந்தான் போகலாம். அப்புறம் கரையேத்திட்டு இறங்கிடணும். உள்ள உக்காந்து தண்ணி இறைச்சுக்கிட்டே இருக்கிறவன் முட்டாள்."

"தண்ணி இறைக்கிறது நான்தானே?" என்றாள் ஸோபிரா, பழைய துணியைச் சுருட்டியபடி.

லியாதாஸ் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெல்ஃபியில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. இளவயதில் ஏதென்ஸ் போய், அங்கே தூண் மண்டபத்தில் பாடம் சொல்பவர்களிடம் நாலு வருஷம் கேட்டுவிட்டு வந்தவர். மனிதனுக்கு நல்லது என்று ஒன்று இருந்தால் அது அறம் மட்டுந்தான், கெட்டது என்று ஒன்று இருந்தால் அது அறம் தவறுவது மட்டுந்தான், நோய், வறுமை, சாவு எல்லாம் வானிலை மாதிரி வந்து போகிறவை என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வெறும் வாய்ப்பேச்சு என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஒரே மகன் கடலில் போன செய்தி வந்த மறுநாள் வழக்கம் போலப் பாடம் நடத்தினார். குரல் பிசிறவில்லை. அன்று ஸோபிராதான் உள்ளறையில் உட்கார்ந்து அவருக்கும் சேர்த்து அழுதாள்.

இப்போது மூன்று வருஷமாகப் படுக்கை. ஒலிவத் தோப்பில் மதில் மேலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவு செத்துப்போனது. அது போதாதென்று நீர்க்கடுப்பு வேறு. கடுப்பு வரும்போது பல்லைக் கடித்துக்கொள்வாரே தவிர ஒரு சத்தம் போட்டதில்லை. அந்த அமைதியையும் அவள்தான் பக்கத்தில் நின்று தாங்க வேண்டியிருந்தது. கத்துகிற நோயாளியென்றால் கூடச் சேர்ந்து எரிச்சல் பட்டாவது கொஞ்சம் ஆறலாம்.

ஸோபிரா அடிமையாக இருந்தவள். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள் என்று சொல்வார்கள். பிறப்பால் சிரியா நாட்டவள் என்று கோயில் மதிலில் வெட்டியிருக்கிறது. அவளுக்கு அந்த நாட்டுப் பேச்சில் ஒரு சொல் தெரியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், முப்பத்திரண்டாவது வயதில், இரவல் தறியில் நெய்து சேர்த்த வெள்ளியைக் கொடுத்து அவள் தன்னை மீட்டுக்கொண்டாள். அடிமையிடம் நேரடியாகப் பணம் வாங்கிக்கொண்டு விடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. அதனால் அந்த ஊர் வழக்கப்படி லியாதாஸ் அவளை அப்பொல்லோன் சாமிக்கு விற்றார். விலை அவளுடையது, வாங்கியது சாமி. சாமி வாங்கினால் அவளை இனி யாரும் பிடித்துக் கட்ட முடியாது, அவள் சுதந்திர மனுஷி.

ஆனால் மதிலில் வெட்டிய அந்த விற்பனை ஒப்பந்தத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. லியாதாஸ் உயிரோடு இருக்கும் வரை ஸோபிரா அவரோடேயே இருந்து, சொன்ன வேலையெல்லாம் முகம் கோணாமல் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் அவர் விருப்பப்படி தண்டிக்கலாம். எல்லோருடைய ஒப்பந்தத்திலும் இருக்கிற வரிதான். அன்றைக்கு அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவருக்கு அப்போதே வயது அறுபது.

அன்று மத்தியானம் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், எண்ணெய்ச் செக்குக்காரன் மனைவி மீக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். மீக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியாத."

"உன்கிட்ட மட்டுந்தானடி சொல்றேன். பாவம், கிழவர் பட்டதெல்லாம் போதும். எனக்கும் போதும்."

"அதத்தான் சொல்றேன். உனக்கும் போதும்! அவர் செத்தா யாருக்கு லாபம்? உனக்கு. அவருக்குச் சோறு ஊட்டுறது யாரு? நீ. ஒன்பது நாள் கழிச்சு எலும்புந்தோலுமா கிடந்தா ஊர் என்ன சொல்லும்? ‘ஞானி பட்டினி கிடந்தார்’னா சொல்லும்? ‘சிரியாக்காரி பட்டினி போட்டா’ன்னு சொல்லும். அவர் தங்கச்சி மகன் ஆகியோன் ஒருத்தன் போதுமே, நியாயத்தார் முன்னாடி உன்னைக் கொண்டுபோய் நிறுத்த."

ஸோபிராவுக்கு இது தோன்றவே இல்லை. காலையில் அவர் சொன்னதைக் கேட்டபோது முதலில் மனசுக்குள் வந்தது ஒரு தூக்கம். யாரும் "ஸோபிரா" என்று கூப்பிடாத ஒரு முழுத் தூக்கம். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. 

வீட்டுக்கு வந்ததும் நேரே அவர் கட்டிலருகில் போய் நின்றாள்.

"நீங்க சாகிறதுக்கு முன்னாடி என்னை விடுவிச்சிடுங்க ஐயா. கோயில்ல பூசாரி முன்னாடி, சாட்சி வச்சு. அந்தக் கடைசி வரியை எடுத்துடுங்க. அப்புறம் நீங்க எப்படி வேணா போங்க, என்மேல பழி வராது."

லியாதாஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். பாடம் சொல்லும் குரலில் ஆரம்பித்தார்.

"சுதந்திரம்ங்கிறது கல்லுல வெட்டுறதுல இல்ல, ஸோபிரா. மெய்யறிவு உள்ளவன் சங்கிலியில கிடந்தாலும் சுதந்திரந்தான். அறிவில்லாதவன் அரியணையில இருந்தாலும் அடிமைதான். என் காலைக் கட்டலாம். எது சரி எது தப்புன்னு நான் தீர்மானிக்கிறதை யாராலும் கட்ட முடியாது, அந்தச் சாமியாலகூட. அது உன்கிட்டயும் இருக்கு. நான் குடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது."

"அது இருக்கட்டும். இந்த வரியைக் குடுக்கவும் முடியும் எடுக்கவும் முடியும்ல? அதைச் செய்யுங்க."

"அது ஒரு பொருட்டே இல்லைங்கிறேன்."

"பொருட்டே இல்லாததை எடுத்துப்போடுறதுக்கு உங்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு?"

 முப்பது வருஷத்தில் எந்த மாணவனும் அவரை அப்படி மடக்கியதில்லை. ஸோபிரா வாதத்தில் ஜெயிக்க வந்தவளில்லை. அடுப்பில் பயறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவள் போய்விட்டாள்.

மறுநாள் அவர் சொன்னபடியே வாயை இறுக மூடிக்கொண்டார். ஸோபிரா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவர் தலையை மடியில் வைத்து, மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்கு வாய் திறந்ததும் கஞ்சி உள்ளே போயிற்று. துப்பினார். மறுபடி ஊற்றினாள். தாடியெல்லாம் பார்லி.

"என்னடி செய்யிற!"

"உங்களைச் சாக விடமாட்டேன். என்னைத் தள்ளிவிடுற பலம் உங்க கையில இல்ல. எனக்கு நீங்க செத்தா விடுதலை, ஆனா செத்தா பழி. அந்த வரியை எடுக்கிற வரைக்கும் இப்படியே ஊத்துவேன். நூறு வயசு வரைக்கும் ஊத்துவேன்."

லியாதாஸ் சிரித்தார். மாதக்கணக்கில் அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் கண்ணீராகி, அவள் மடியிலேயே கிடந்து மூச்சு வாங்கினார். அது அடங்கிய பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"உன்னை விட்டுட்டா நீ போயிடுவ."

ஸோபிரா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சாப்பிடாம கிடந்தா நாலஞ்சு நாளைக்கு மேல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. தனியா இருக்கணும். அதை நெனச்சா..." என்றார் லியாதாஸ்.

ஸோபிரா அவர் தாடியைத் துடைத்தாள். அவருக்குப் பயம் என்ற ஒன்று உண்டு என்பதை முப்பது வருஷத்துக்கு மேல் அவர் நிழலிலேயே இருந்தும் அவள் அறிந்திருக்கவில்லை. இரக்கம் வந்தது. கூடவே, இதையும் நான்தான் சுமக்கணுமா என்ற அலுப்பும் வந்தது.

"போகமாட்டேன்," என்றாள். "நீங்க சாகிற வரைக்கும் கூட இருக்கேன். வரியில எழுதினதுக்காக இல்ல. நானாச் சொல்றேன்."

"நிஜமாவா?"

"சாமி சத்தியமா."

"எந்தச் சாமி?" என்றார் பழக்க தோஷத்தில். "கோயில் மாடத்துக்குள்ள உக்காந்திருக்கிற ஒருத்தர் இல்ல அது. உலகம் முழுக்க நெருப்பு மாதிரி, மூச்சு மாதிரி ஊடுருவி நிக்கிற ஒரே அறிவு. கல்லுலயும் உண்டு, உன்கிட்டயும் உண்டு."

"எங்கயும் இருக்கார்னா, நான் உங்க மூத்திரச் சட்டி தூக்கினதையும் பார்த்திருப்பார்ல? அவர் மேலயே சத்தியம்."

ஐந்தாம் நாள் அவரைக் கழுதை வண்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பர்னாசஸ் மலை முழுக்கப் பனி. ஆகியோன் வழியெல்லாம் முணுமுணுத்தபடி வந்தான். லியாதாஸின் தங்கை மகன் அவன். வாரிசு என்ற முறையில் அவனுடைய சம்மதமும் வேண்டும்.

"மாமா, இவ நாளைக்கே மூட்டையைக் கட்டினா உங்களை யார் பார்ப்பா? என் பொண்டாட்டிக்கு ஏற்கெனவே இடுப்பு வலி."

"சத்தியம் பண்ணியிருக்கா."

"சத்தியம்! சிரியாக்காரி சத்தியம்!"

"எனக்குச் சிரியா எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது, தம்பி," என்றாள் ஸோபிரா, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே. "கொஞ்சம் கை குடுத்துத் தள்ளு. மேடு வருது."

பூசாரி பல் போன கிழவர், குளிருக்கு இரண்டு போர்வை போர்த்தியிருந்தார். பனிக்காலத்தில் அப்பொல்லோன் வடக்கே எங்கோ போய்விடுவார் என்று எல்லோருக்கும் தெரியும், அந்த மாதங்களில் கோயிலில் குறிகூடச் சொல்வதில்லை.

"வாங்கினவர் ஊர்ல இல்லை, தெரியுமில்ல?" என்றார் பூசாரி கைகளைத் தேய்த்தபடி. "பரவாயில்ல. வந்ததும் சொல்லிடுறேன். லியாதாஸ், நீ இவளை முழுசா விடுறியா?"

"விடுறேன்."

"எங்க வேணா போகலாம், என்ன வேணா செய்யலாம், இவமேல யாருக்கும் எந்த உரிமையும் இல்ல. சரிதானா? ஆகியோன், உனக்கும் சம்மதமா? சத்தமாச் சொல்லுப்பா, சாட்சிக்காரங்க காது கேட்காதவங்க."

"சம்மதம்," என்றான் ஆகியோன்.

அவ்வளவுதான். ஸோபிரா மதிலைப் பார்த்தாள். அடியிலிருந்து மேல் வரை பொடி எழுத்தில் நூற்றுக்கணக்கான பேர், எல்லோரும் சாமிக்கு விற்கப்பட்டவர்கள். அவளுக்கு அந்தச் சாமியை நினைத்துச் சில சமயம் ஆச்சரியம் வரும். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு உடையவர் அவர். ஒரு நாள்கூடத் தண்ணீர் கொண்டுவா என்று கேட்டதில்லை, கால் பிடித்துவிடு என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கு வாய்த்த எசமானர்களில் அவர் ஒருவர்தான் நல்லவர்.

மறுநாளிலிருந்து விரதம் தொடங்கியது.

செய்தி எப்படியோ பக்கத்து ஊரான ஆம்பிஸ்ஸா வரை போயிருந்தது. முதல் நாள் உச்சிவேளைக்கே லியாதாஸின் பழைய மாணவன் திமோலாஸ் கோவேறு கழுதையில் வந்து இறங்கினான். முப்பத்தைந்து வயது, நல்ல சதைப்பிடிப்பு, இடுப்பில் எழுதும் மெழுகுப் பலகைகள். ஆசானின் கடைசி வார்த்தைகளை எழுதிக்கொள்ள வந்திருக்கிறான்.

"ஐயா, நீங்க எவ்வளவு பெரிய காரியம் செய்யிறீங்க தெரியுமா! இந்தக் காலத்துல யார் இருக்கா இப்படி?" என்று கட்டிலோரம் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "சாவு ஒண்ணுமில்லைன்னு எங்களுக்குச் சொல்லித்தந்தீங்க. இப்ப செஞ்சு காட்டுறீங்க."

"ஸோபிரா, இவனுக்குச் சாப்பாடு போடு," என்றார் லியாதாஸ்.

சொன்ன உடனே நிறுத்திக்கொண்டார். அவளும் நின்றாள். உத்தரவிடும் உரிமை நேற்றோடு போய்விட்டது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவர் முகம் சிவந்தது. அவள் போய் ரொட்டியும் வெங்காயமும் ஆட்டுப் பாலாடையும் எடுத்துவந்தாள். அதைத் திமோலாஸ் கட்டிலோரத்திலேயே உட்கார்ந்து மென்றான். வீரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே மென்றான். லியாதாஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் உதடு வெடித்தது. நீர்க்கடுப்பு இரு மடங்காயிற்று. திமோலாஸ் கேட்ட கேள்விகளுக்கு ஒன்றிரண்டு பதில் சொன்னார். அவன் ஆவலோடு கீறிக்கொண்டான். ஸோபிரா துணியை நனைத்து உதட்டில் வைத்தாள். அவர் உறிஞ்சாமல் இருக்கப் படும் பாட்டைப் பார்த்தாள். 

மூன்றாம் நாள் காலையில் திமோலாஸ் ஆகியோன் வீட்டுக்குக் குளித்துச் சாப்பிடப் போயிருந்தான். ஸோபிரா கட்டிலுக்குக் கீழே கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸோபிரா."

குரல் காய்ந்த இலை மாதிரி இருந்தது. அவள் நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் கஞ்சி... தர்றியா?"

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரத்தில் ஈரமில்லை, அழக்கூட உடம்பில் தண்ணீர் மிச்சமில்லை.

அடுப்படிக்குப் போனாள். பார்லி மாவைத் தண்ணீரில் கரைத்தாள். கரைக்கும்போது கை தானாக நின்றது.

இன்னும் நாலு நாள். மிஞ்சினால் ஐந்து. கொஞ்ச நேரம் காது கேட்காத மாதிரி இருந்தால் போதும். "பொறுத்துக்குங்க ஐயா, உங்க மாணவன் வந்துடுவான், அவன் முன்னாடியா கேட்பீங்க?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெட்கத்தில் வாயை மூடிக்கொள்வார். ஊருக்கு அவர் மகான். அவளுக்குப் பழியில்லை. அவளை விடுவித்ததைப் பூசாரியும் சாட்சிகளும் ஆகியோனும், விரதத்தைப் பற்றித் திமோலாஸும் அவர் வாயாலேயே கேட்டிருக்கிறார்கள். அவரே விரும்பியதைத்தானே அவள் செய்கிறாள்? கஞ்சி கொடுத்தாலோ எல்லாம் முதலிலிருந்து. புண், துணி, சட்டி, இடுப்பு வலி. எத்தனை வருஷமோ.

யாருக்கும் தெரியப்போவதில்லை. கோயில் சாமி ஊரிலேயே இல்லை. லியாதாஸ் சொல்லும் அந்த இன்னொன்று, எங்கும் ஊடுருவி நிற்பது, அது இந்த அடுப்படியில் எப்படியிருக்கும் என்று பார்ப்பவள் போலச் சுற்றிலும் பார்த்தாள். கரி படிந்த சுவர். வெங்காயச் சரம். பானையில் நுரைத்துக்கொண்டிருந்த தண்ணீர்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. பெரிதாக எதையும் முடிவு செய்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. கேட்டுவிட்டாரே என்று மட்டும் இருந்தது. முப்பது வருஷத்தில் கொண்டா, எடு, வை என்றுதான் காதில் விழுந்திருக்கிறது. ‘தர்றியா’ என்று முதல் தடவையாகக் கேட்டிருக்கிறார். மாவைக் கொதிநீரில் விட்டுக் கிண்டினாள். கொஞ்சம் தேன் விட்டாள்.

முதலில் நாலு சொட்டு. பிறகு அரைக் கரண்டி. அவர் விழுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"யார்கிட்டயும் சொல்லாத," என்றார் நடுவில்.

"சரி."

திமோலாஸ் ஈரத்தலையோடு உள்ளே வந்தான். மூக்கை உறிஞ்சினான்.

"கஞ்சி வாசனையா வருது?"

"எனக்குத்தான் வச்சேன்," என்றாள் ஸோபிரா, கிண்ணத்தை மடியோரம் மறைத்து.

"இல்ல," என்றார் லியாதாஸ் கட்டிலிலிருந்து. "எனக்கு. நான்தான் கேட்டேன்."

திமோலாஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு முகம் தெளிந்தது. "புரியுது, ஐயா. இது சரியான வேளையில்லைன்னு அறிவால தீர்மானிச்சு மாத்திக்கிட்டீங்க. மெய்யறிவு உள்ளவன் காரணத்தோட முடிவை மாத்திக்கலாம்னு நீங்களே..."

"காரணமெல்லாம் இல்லப்பா. பசிச்சுது. பயமா இருந்தது."

"ஐயா, அப்படிச் சொல்லாதீங்க."

"எழுதிக்கோயேன். கடைசி வார்த்தைக்குத்தான வந்த?"

திமோலாஸ் எழுதவில்லை. அன்று மத்தியானமே கோவேறு கழுதையை அவிழ்த்துக்கொண்டு புறப்பட்டுவிட்டான். போகும்போது ஸோபிராவை வாசலில் நிறுத்தி, "நீ கஞ்சி வைக்காம இருந்திருந்தா அவர் கேட்டிருக்கவே மாட்டார்," என்றான் பல்லைக் கடித்து.

"அவர் கேட்ட பிறகுதான் தம்பி வச்சேன்."

"அடிமைப் புத்தி," என்றான் அவன். அவளுக்குக் கோபங்கூட வரவில்லை. அன்றைக்கு அவ்வளவு அசதி.

அதன் பிறகு லியாதாஸ் ஒழுங்காகச் சாப்பிட்டார். கொஞ்சம் தேறினார்கூட. பாடம் பற்றிப் பேசுவதில்லை. எது கேட்டாலும் ‘தர்றியா’, ‘முடியுமா’ என்றே கேட்டார். அந்தச் சொற்கள் அவர் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தன. ஸோபிரா முன்போலவே விடியலில் எழுந்து, புரட்டி, துடைத்து, தண்ணீருக்குப் போய் வந்தாள். கேட்பது மாறியது, சுமை மாறவில்லை. இருபத்தோராம் நாள் அவரைப் புரட்டும்போது அவள் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. அவரோடு சேர்ந்து கட்டிலில் சாய்ந்துவிட்டாள். இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள், எழ முடியாமல்.

கிடந்தபடியே அவள் சொன்னாள்.

"நான் போறேன் ஐயா."

"சாகிற வரைக்கும் இருப்பேன்னு சொன்னியே."

"சொன்னேன். ஒன்பது நாள்னு நெனச்சுச் சொன்னேன்."

"சத்தியம் பண்ணின."

"பண்ணினேன். தப்புதான். நல்லவளா இருக்க எனக்கு இதுக்கு மேல தெம்பு இல்ல. அவ்வளவுதான்."

 அறம் ஒன்றே நல்லது என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தாள். சொன்ன சொல்லைக் காப்பது பற்றி அவரிடம் எத்தனையோ பாடம் உண்டு, அத்தனையும் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அவள் கேட்டது. கட்டிலோரத்தில் அவர் கை அவள் தலைமுடி மேல் பட்டும் படாமலும் கிடந்தது.

"போன்னு சொல்ல எனக்கு உரிமையில்ல," என்றார் கடைசியில். "இருன்னு சொல்லவும் இல்ல. ஆனா கேட்டா... போன்னுதான் சொல்லுவேன்."

"யார் கஞ்சி தருவா?"

"அது என் கையில இல்ல," என்றார். ஒரு கணம் பழைய லியாதாஸ் மாதிரியே இருந்தது குரல். அடுத்த மூச்சில், "ஆகியோன்கிட்டச் சொல்லிட்டுப் போ," என்றார்.

ஆகியோன் வாசலில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான். பிறகு மனைவியோடு வந்து மாமாவைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். ஸோபிரா அவனுடைய மனைவிக்குப் புண்ணில் எண்ணெய் விடும் விதத்தையும், கையை எங்கே கொடுத்துப் புரட்டுவது என்பதையும் காட்டிக்கொடுத்தாள். பிறகு ஒரு போர்வை, ஒரு பானை, தறிக்கட்டை இரண்டு, இவற்றை மூட்டையாகக் கட்டி மலையிறங்கினாள்.

கிர்ரா துறைமுகத்தில் கப்பல் பாய் தைக்கும் பட்டறையில் வேலை கிடைத்தது. முதல் வாரம் பட்டறைக்குப் பின்னால் மீன் நாற்றமடித்த ஓர் அறையில் தூங்கினாள். ஒவ்வொரு நாளும் விடியலில் விழிப்பு வந்தது. யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் படுத்தாள், தூக்கம் வரவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. ஆனால் எழுந்து போய்விடவுமில்லை. வெயில் ஏறும் வரை வெறுமனே கிடந்தாள். அப்படிக் கிடப்பது நன்றாகத்தான் இருந்தது.

பனி உருகத் தொடங்கிய நாளில் எண்ணெய் விற்க வந்த மீக்கா சொன்னாள், லியாதாஸ் போய்விட்டார் என்று. காலையில் பயறு சாப்பிட்டிருக்கிறார். மத்தியானம் பார்த்தபோது உயிரில்லை. நாலு நாளாயிற்று.

ஸோபிரா அன்றே மேலே போனாள். பாதி வழியில் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. சமாதி ஊருக்கு மேற்கே பாதையோரத்தில். மண் இன்னும் ஈரம். ஆகியோன் மனைவி வழக்கப்படி சமாதிக் கல்லில் கட்ட ஒரு நாடா கொடுத்தனுப்பியிருந்தாள். கூடவே மீக்காவும் வந்தாள்.

"அந்தம்மா சொன்னா, கிழவர் காலையில கண்ணு முழிச்சதும் ‘ஸோபிரா’ன்னு கூப்பிடுவாராம். அப்புறம் பேரை மாத்திக் கூப்பிட்டதுக்கு அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்பாராம். தினமும்."

ஸோபிரா நாடாவைக் கட்டினாள். கொண்டுவந்த தேன் தண்ணீரை மண்ணில் ஊற்றினாள். மண் உடனே குடித்துவிட்டது.

"இருந்திருக்கலாமோன்னு தோணுதா அக்கா? ரெண்டே மாசந்தான்."

"தோணுது."

"தெரிஞ்சிருந்தா இருந்திருப்பியா?"

ஸோபிரா யோசித்தாள். மெய்யாகவே யோசித்தாள், ஏனென்றால் இனி அவள் யாருக்காகவும் நல்ல பதில் சொல்ல வேண்டியதில்லை.

"இல்ல," என்றாள். "இருந்திருக்க மாட்டேன்."

இரண்டும் உண்மையாகத்தான் இருந்தன. மீக்கா ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பாதியைக் கொடுத்தாள். இருவரும் பாதையோரக் கல்லில் உட்கார்ந்து தின்றார்கள். கீழே ஒலிவத் தோப்பு வெளிறிக் கிடந்தது, அதற்கும் அப்பால் கடல். கொரிந்து போகிற கப்பலுக்கு நாளை மறுநாளுக்குள் பாய் தைத்துக் கொடுத்தாக வேண்டும், விளிம்பு முழுக்க இன்னும் மடிக்கவில்லை. ஸோபிரா முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். ஏறுவதைவிட இறங்குவதுதான் அந்த முழங்கால்களுக்குக் கஷ்டம். மீக்காவிடம் சொல்லிக்கொண்டு, வழியில் கிடந்த ஒரு கழியைப் பொறுக்கி ஊன்றியபடி, நிதானமாக இறங்கத் தொடங்கினாள்.